முதலில் தோற்றவர் என்ன செய்வது?

விடுமுறை நாள் மாலையில் மழை பிடித்துக்கொண்டாலோ, மின்சாரம் நின்றுவிட்டாலோ, பரணிலிருந்து ஒரு பெட்டி கீழே இறங்குகிறது. பெரும்பாலும் அது மோனோபொலியாக இருக்கும். அல்லது அதன் இந்திய உறவினர்களான ‘பிசினஸ்’, ‘டிரேட்’ ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். பகடையை உருட்டி, ஊர்களை விலைக்கு வாங்கி, வீடு கட்டி, அங்கு வந்து நிற்பவரிடம் வாடகை வசூலிக்கும் இவ்விளையாட்டை அறியாத மாணவர் குறைவு. தொடக்கத்தில் எல்லாருக்கும் உற்சாகம்தான். ஆனால் பாதி ஆட்டம் நடக்குமுன் யாரோ ஒருவர் திவாலாகி எழுந்துவிடுகிறார். அந்த ஒருவர், பல வீடுகளில், இருப்பவர்களுள் வயதில் சிறியவர். மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரமாவது ஆடுவார்கள். அதுவரை அந்தப் பிள்ளை என்ன செய்வது?

இதை ஓர் அற்பக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். வீட்டார் கூடி ஆடுவதற்கென்று வாங்கப்படும் ஒரு விளையாட்டு, கூடியிருப்பவர்களுள் ஒருவரைப் பாதியில் வெளியேற்றுமானால், அது தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் நாம் மதிப்புரை எழுதுகிறோம். விளையாட்டுப் பலகையை மட்டும் பெட்டியின் மேலட்டைப் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே விளையாட்டுத் திறனாய்வாளர்களைக் கொண்ட ஒரு குழு 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த குடும்ப விளையாட்டைத் தேர்ந்து ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ‘ஆண்டின் விளையாட்டு’ என்னும் விருதை அளித்து வருகிறது. அந்தக் கண்ணோடு நம் பரண் பெட்டிகளையும், அண்மைக் காலத்தில் நம் கடைகளுக்கு வந்து சேர்ந்துள்ள புதிய பெட்டிகளையும் சற்றுப் பார்ப்போம்.

நியாயமான ஆட்டமும் ஏழையை விழுங்கும்

முதலில் ஒரு சிறு கணக்கு. அண்ணனிடம் 90 ரூபாய், தம்பியிடம் 10 ரூபாய். இருவரும் நாணயம் சுண்டுகிறார்கள். பூ விழுந்தால் தம்பிக்கு ஒரு ரூபாய். தலை விழுந்தால் அண்ணனுக்கு ஒரு ரூபாய். யாராவது ஒருவர் கை வெறுமையாகும்வரை ஆட்டம் தொடரும். நாணயத்தில் எந்த வஞ்சமும் இல்லை. ஒவ்வொரு சுண்டலும் இருவருக்கும் சமமானதே. ஆயினும் இறுதியில் தம்பி வெல்லும் நிகழ்தகவு 10/100, அதாவது பத்தில் ஒன்றுதான். கையில் உள்ள பணத்தின் விகிதமே வெற்றியின் விகிதம். ஆட்டம் சராசரியாக எத்தனை சுண்டல்கள் நீடிக்கும் என்பதும் எளிய பெருக்கல்தான்: 10 × 90 = 900. இதைச் ‘சூதாடியின் அழிவு’ என்று கணித நூல்கள் குறிப்பிடுகின்றன. பாஸ்கல், ஹைகன்ஸ் ஆகியோர் காலத்திலேயே, அதாவது 17-ஆம் நூற்றாண்டிலேயே, ஆராயப்பட்ட கணக்கு இது.

ஆக, முற்றிலும் நியாயமான ஆட்டத்திலேயே செல்வம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இயற்பியலாளர் அனிர்பன் சக்ரபர்த்தி 2002-இல் வெளியிட்ட ஒரு மாதிரியில் பலர் தமக்குள் பணம் வைத்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பந்தயத் தொகை, இருவருள் ஏழையின் கையிருப்பில் ஒரு பகுதி. வெல்லும் வாய்ப்பு இருவருக்கும் சமம். இதைக் கணிப்பொறியில் ஓடவிட்டால், நாளடைவில் ஏறத்தாழ எல்லாப் பணமும் ஒருவரிடமே போய்ச் சேர்ந்துவிடுகிறது. சூழ்ச்சியும் இல்லை, திறமையும் இல்லை. சமவாய்ப்பு மட்டுமே இருந்தது!

மோனோபொலியோ இந்த அளவுக்குக்கூட நியாயமானது அன்று. அமெரிக்கப் பதிப்பில் ஆரஞ்சு நிறத் தெருக்களுள் ஒன்றான நியூயார்க் அவென்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மனையாக இருக்கும்போது அதன் வாடகை 16 டாலர். அங்கே ஓட்டல் எழும்பிவிட்டால் வாடகை 1000 டாலர். பணம் உள்ளவர் வீடு கட்டுவார். வீடு கட்டியவருக்கு வாடகை பெருகும். வாடகை பெருகினால் மேலும் கட்டுவார். விளைவே காரணமாகத் திரும்பி வந்து தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இவ்வமைப்பைப் பொறியியலார் ‘நேர்ப் பின்னூட்டம்’ என்பர். ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியைக் கொண்டு சென்றால் ‘கீச்’சென்று அலறுகிறதே, அதே விதிதான். தாழ்ந்தவரைத் தூக்கிவிடும் எதிர்ப் பின்னூட்டம் இந்த விளையாட்டில் ஏறக்குறைய இல்லை. ஒரு சுற்று முடிந்தால் கிடைக்கும் 200 டாலர் சம்பளம் மட்டுமே உண்டு. அது 1000 டாலர் வாடகைக்கு முன்னால் எம்மூலைக்கு?

பலகையின் கணிதத்தையும் சற்றுக் கவனியுங்கள். அது உண்மையிலேயே சுவையானது. 40 கட்டங்களில் காய்கள் சமமாகத் தங்குவதில்லை. சிறைக்கு அனுப்பும் கட்டம் ஒன்று, அனுப்பும் சீட்டுகள் சில, தொடர்ந்து மூன்று இரட்டை விழுந்தாலும் சிறை. ஆகவே மிகுதியாகக் காய் தங்கும் இடம் சிறையே. சிறையிலிருந்து எண்ணினால் ஆரஞ்சுத் தெருக்கள் 6, 8, 9 ஆகிய எண்களில் வருகின்றன. இரு பகடைகளில் 36 வகைகளுள் 6 விழ 5 வழிகள், 8 விழ 5 வழிகள், 9 விழ 4 வழிகள். ஆகச் சிறையை விட்டு வருபவர் முதல் உருட்டலிலேயே அத்தெருக்களில் ஒன்றில் விழும் நிகழ்தகவு 14/36, நூற்றுக்கு 39. ராபர்ட் ஆஷ், ரிச்சர்ட் பிஷப் என்னும் இருவர் 1972-இலேயே இப்பலகையை ‘மார்க்கோவ் தொடர்’ என்னும் கணித முறையால் ஆராய்ந்து வெளியிட்டனர். இதை அறிந்த அண்ணன் ஆரஞ்சுத் தெருக்களை வாங்கிப் போடுவான். அறியாத தம்பி, விலை 400 டாலர் என்பதால் அதுவே உயர்ந்தது என்று நம்பி, பலகையின் கடைசி மூலையில் உள்ள போர்டுவாக்கை வாங்குவான். முடிவு முதல் அரைமணி நேரத்திலேயே உறுதியாகிவிடும். மீதி நேரம் முழுவதும் அந்த முடிவை நிறைவேற்றும் சடங்குதான்.

வீட்டார் தாமாகச் சேர்க்கும் விதிகள் இச்சடங்கை இன்னும் நீட்டுகின்றன. அபராதப் பணத்தையெல்லாம் பலகையின் நடுவில் போட்டு, ‘இலவச நிறுத்த’த்தில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இது அச்சிட்ட விதிகளில் இல்லாதது. இரக்கத்தால் செய்வதுதான், ஆனால் சாகப் போகிறவருக்கு மேலும் அரைமணி மூச்சைக் கொடுப்பதன்றி வேறு பயன் இல்லை. மாறாக, ஒருவர் வாங்க மறுக்கும் மனையை உடனே ஏலம் விட வேண்டும் என்ற அசல் விதியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விளையாட்டிலேயே சிந்தனைக்கு இடம் தரும் விதி அது ஒன்றுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

குறையா, நோக்கமா?

இத்தனையும் வடிவமைத்தவரின் கவனக்குறைவு என்று எண்ணத் தோன்றும். வரலாறு வேறு கதை சொல்கிறது. எலிசபெத் மாகி (1866–1948) என்னும் அமெரிக்கப் பெண்மணி, ‘நிலக்கிழார் விளையாட்டு’ என்ற பெயரில் ஒரு பலகையை அமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். சுற்றி வரும் பாதை, சிறை, இரயில் நிலையங்கள், வாடகை, சுற்று முடிந்தால் சம்பளம் என எல்லாம் அதில் இருந்தன. மாகி, ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் சிந்தனையாளரின் கொள்கையைப் பின்பற்றியவர். நிலத்தின் மதிப்பு உயர்வது நிலக்கிழாரின் உழைப்பால் அன்று, சமுதாயத்தின் வளர்ச்சியால். ஆகவே நில வாடகை பொதுநலத்துக்கே வரியாகச் சேர வேண்டும் என்று 1879-இல் வெளியான தம் நூலில் வாதிட்டவர் ஜார்ஜ். அவர் சொன்னதை மக்களுக்குக் கண்முன் காட்டவே மாகி பலகையைக் கையில் எடுத்தார். நிலம் தனியார் கையில் குவிந்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஆடவைத்துப் புரியவைப்பது எளிது அல்லவா? வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும் மாற்று விதிகளையும் அவர் அமைத்திருந்தார்.

அந்தப் பலகை நண்பர் கைகளில் எண்ணெய்த் துணியிலும் அட்டையிலும் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் பரவியது. அட்லாண்டிக் நகரில் ஆடியவர்கள் தங்கள் ஊர்த் தெருப் பெயர்களை அதில் எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்து வந்த ஒரு படியைச் சார்லஸ் டாரோ என்பவர் தம் பெயரில் விற்க, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935-இல் அதை வாங்கி வெளியிட்டது. மாகியின் காப்புரிமையையும் அதே நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆயினும் பல்லாண்டுகள் டாரோவே இதைக் கண்டுபிடித்தவர் என்று உலகம் நம்பியது. ரால்ஃப் அன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியர் 1973-இல் ‘ஆன்ட்டி-மோனோபொலி’ என்ற விளையாட்டை வெளியிட்டு, அதனால் எழுந்த வழக்கில் சான்று தேடப் புகுந்தபோதுதான் மாகியின் பெயர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாயில்வரை சென்று 1983-இல் ஓய்ந்தது.

இவ்வரலாறு நம் மதிப்பீட்டையே மாற்றிவிடுகிறது. மோனோபொலியில் தம்பி திவாலாவது பழுது அன்று. அதுவே அக்கருவியின் பயன். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாளின் நிறம் மாறுவதுபோல, ஒருவர் குவிப்பதும் மற்றவர் அழிவதும் அந்தச் சோதனையின் எதிர்பார்த்த முடிவு. சோதனைக் கருவியை எடுத்துவந்து பொழுதுபோக்குப் பொருளாக விற்றார்கள், நாமும் வாங்கினோம். மாற்று விதிகள் பெட்டியில் வரவில்லை. எனவே வகுப்பறையில் பொருளியல் கற்பிக்க இதைவிட நல்ல பலகை கிடைப்பது அரிது என்றும், வீட்டுக் கூடத்துக்கு இதைவிடப் பொருந்தாத பலகை கிடைப்பதும் அரிது என்றும் ஒரே மூச்சில் சொல்லலாம்.

பரமபதத்துக்கு ஒரு நல்ல வார்த்தை

‘வெறும் அதிர்ஷ்டம்’ என்று அறிவாளிகள் ஒதுக்கும் பரமபத சோபான படத்தை இந்த அளவுகோலால் அளந்தால் வியப்பான விடை கிடைக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடப்படும் இப்பலகையே, ஒழுக்கப் பாடங்கள் சுருங்கி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ‘பாம்பும் ஏணியும்’ என்று கடைக்கு வந்தது. இதில் ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூட இல்லை. பகடை சொல்கிறது, காய் நகர்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் 100 கட்டப் பதிப்பு ஒன்றைக் கணக்கிட்டவர்கள், ஒரு காய் மேலே சென்றடையச் சராசரியாக 39 உருட்டல்கள் ஆகும் என்றும், மிகக் குறைந்த அளவு 7 உருட்டல்கள் என்றும் கண்டனர். சிந்தனைக்கு இரை இல்லைதான்.

ஆனால் கவனியுங்கள்: இங்கே யாரும் வெளியேறுவதில்லை. ஐந்து வயதுப் பேத்திக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே வாய்ப்பு. மேலே ஏறியவருக்குத்தான் பெரிய பாம்பு காத்திருக்கிறது. இந்தக் கட்டத்துக்கு எப்படி வந்தீர்கள் என்பதைப் பலகை நினைவில் வைப்பதில்லை. நிற்கும் இடம் ஒன்றே அடுத்த நகர்வைத் தீர்மானிக்கிறது. ஒரு மணி நேரம் பின்தங்கியவரும் ஓர் ஏணியில் முன்னால் வந்துவிடலாம். கூடி உட்கார வைக்கும் திறமையில் இது மோனோபொலியை எளிதில் வென்றுவிடுகிறது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அலுத்துப்போகும் என்பதும் உண்மையே.

நேர் எதிர்க் கோடியில் சதுரங்கம். அங்கே தற்செயல் என்பதே இல்லை. சம வலிமையினர் இருவருக்கு அதைவிட உயர்ந்த ஆட்டம் இல்லை; சமமற்றவர் ஆடினாலோ முடிவு முன்கூட்டியே தெரிந்தது. ஆடுவோர் தரத்தை அளக்கும் ஈலோ முறையில் 400 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் பெறக்கூடிய சராசரி மதிப்பெண் ஓர் ஆட்டத்துக்கு 0.91. ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதைவிட மிகுதி. சில ஆண்டுகள் கழித்து அதே வேறுபாடு மறுபக்கம் திரும்பிவிடும் என்பது வேறு செய்தி. மேலும், இருவர் ஆட மற்றவர் பார்க்க வேண்டியதுதான். ஆடு புலி ஆட்டத்துக்கும் இதே வரம்பு உண்டு.

நம் பல்லாங்குழியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர், அதில் உள்ள ஒரு கொடுமையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பல ஊர்களில் வழங்கும் விதிப்படி, ஒரு சுற்றில் தோற்றவர் தம்மிடம் உள்ள காய்களால் எத்தனை குழிகளை நிரப்ப முடியுமோ அத்தனை குழிகளோடுதான் அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். மற்றக் குழிகள் ‘மூடப்படும்’. குழி குறைந்தால் பிடிக்கும் காயும் குறையும். காய் குறைந்தால் அடுத்த சுற்றில் குழி மேலும் குறையும். மாகி பிறப்பதற்கு முன்பே நம் திண்ணைகளில் மோனோபொலி நடந்துகொண்டிருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. எனினும் சுற்றுகள் விரைவில் முடிவதாலும், எண்ணிப் பார்த்து ஆடுபவர் தப்பிக்க வழி இருப்பதாலும் அது அவ்வளவாக உறுத்துவதில்லை. எண்ணுதலைக் கற்கும் குழந்தைக்கு அதைவிட நல்ல துணையும் இல்லை.

பகடையே இல்லாத பந்தயம்

இங்கிலாந்தின் டேவிட் பார்லெட் 1974-இல் அமைத்த ‘முயலும் ஆமையும்’, ஜெர்மன் குழுவின் முதல் விருதை 1979-இல் பெற்றது. தேர்ந்தெடுத்தவர்களின் கூர்மையைப் பாராட்ட வேண்டும். ஓட்டப் பந்தயம்தான், ஆனால் பகடை இல்லை. நகர வேண்டுமானால் காரட் செலவிட வேண்டும். ஒரு கட்டத்துக்கு 1 காரட், இரண்டு கட்டத்துக்கு 3, மூன்றுக்கு 6, பத்துக் கட்டத்தை ஒரே தாவலில் கடக்க 55. பள்ளிக் கணக்கில் படித்த 1 + 2 + 3 + … என்னும் தொடரின் கூட்டல்தான், n(n+1)/2. வேகம் கூடக் கூடச் செலவு அதைவிட மிக விரைவாகக் கூடுகிறது. மிதிவண்டியில் காற்றை எதிர்த்து வேகமாகச் செல்பவருக்கு இது புதுச் செய்தி அன்று.

பின்வாங்கி ஆமைக் கட்டத்துக்கு வருபவருக்குக் கட்டத்துக்குப் பத்துக் காரட் கிடைக்கிறது. எண் எழுதிய கட்டத்தில் நின்று, தம் அடுத்த முறை வரும்போது பந்தயத்தில் அந்த எண்ணுக்குரிய இடத்திலேயே இருப்பவருக்கு, அந்த எண்ணின் பத்து மடங்கு காரட். ஆகவே நான்காவதாக ஓடுபவர், இரண்டாவதாக ஓடுபவரைவிட மிகுதியாகப் பெற வழியுண்டு. பின்தங்குவது இங்கே தண்டனை அன்று. ஒரு சேமிப்பு முறை. பின்னூட்டத்தின் குறி நேரிலிருந்து எதிராக மாறியவுடன், கடைசியில் இருப்பவரும் கடைசிவரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். குறை ஒன்று உண்டு: கூட்டலில் மெதுவானவர் முறை வரும்போது மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

கட்டான்: நிகழ்தகவை அச்சிட்ட பலகை

இன்றைய குடும்ப விளையாட்டுகளில் பெரும் பெயர் பெற்றது, கிளவுஸ் டாய்பர் (இறப்பு 2023) 1995-இல் வெளியிட்ட ‘கட்டான்’. டாய்பர் பல் மருத்துவத் துறையில் செயற்கைப் பல் செய்யும் தொழிலாளராக இருந்தவர். 19 அறுகோண அட்டைகளைக் கலைத்து அடுக்கினால் ஒரு தீவு உருவாகும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேறு தீவு. மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது ஆகியவை அதில் விளையும். பாலை ஒன்று தவிர ஒவ்வோர் அட்டை மீதும் ஓர் எண் வில்லை. இரு பகடைகளின் கூட்டுத் தொகை எந்த எண்ணோ அந்த எண் உள்ள நிலம் விளைகிறது. 10 புள்ளி எடுத்தவர் வெற்றி பெறுகிறார்.

இதன் முதல் சிறப்பு, பகடையை யார் உருட்டினாலும் விளைச்சல் எல்லாருக்கும் உண்டு என்பது. பிறர் முறையில் வேடிக்கை பார்க்கும் நிலை இல்லை. இரண்டாவது, எண் வில்லைகளின் கீழே சிறு புள்ளிகள் அச்சிடப்பட்டுள்ளன. 6, 8 ஆகியவற்றின் கீழே ஐந்து புள்ளிகள். 2, 12 ஆகியவற்றின் கீழே ஒன்று. 36-க்கு எத்தனை என்பதே அப்புள்ளிகள்! நிகழ்தகவுப் பாடத்தைக் கண்டு அஞ்சும் மாணவன் இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு, எட்டாம் எண் நிலத்துக்காகச் சண்டையிடத் தொடங்குவான்.

மூன்றாவது சிறப்பே முக்கியமானது. கட்டானிலும் நேர்ப் பின்னூட்டம் உண்டு. குடியிருப்பு மிகுந்தவருக்கு விளைச்சல் மிகுதி. ஆனால் கட்டிய குடியிருப்பை யாரும் பறிக்க முடியாது. திவால் என்ற சொல்லே இல்லை. அதோடு பண்டமாற்று இன்றி முன்னேறுவது கடினம். முன்னணியில் இருப்பவருக்கு யாரும் கம்பளி விற்க மாட்டார்கள். 7 விழுந்தால் கொள்ளையனும் அவர் வயலுக்கே அனுப்பப்படுவான். விதிப் புத்தகம் எழுதாத எதிர்ப் பின்னூட்டத்தை மேசையைச் சுற்றி இருப்போரே செய்துகொள்கிறார்கள். டாய்பரின் மேதைமை இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

புகழ்ச்சி போதும், இனிக் குறை. ஆட்டத்தின் தொடக்கத்தில் இரு குடியிருப்புகளை வைக்கும் இடத்தைத் தவறாகத் தேர்ந்தவர், ஆட்டம் முழுவதும் அதன் விலையைக் கொடுக்கிறார். சரியாகத் தேர்ந்தவருக்கும் பாதுகாப்பு இல்லை. 20 உருட்டல்களில் ஒருமுறைகூட 8 விழாமல் போகும் நிகழ்தகவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 31/36 என்பதை இருபது முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.05. இருபதில் ஒரு வீட்டில், கணக்கை ஒழுங்காகப் போட்டு எட்டாம் எண்ணில் அமர்ந்த பெண், அவ்வளவு நேரம் வெறுங்கையோடு இருப்பாள். திவாலாகி எழுந்து போகவும் அவளுக்கு உரிமை இல்லை! மோனோபொலி தோற்றவரை வெளியேற்றுகிறது. கட்டான் சில வேளைகளில் தோற்றவரைப் பிடித்து உட்கார வைக்கிறது. முதல் சில ஆட்டங்களுக்கேனும் விதிப் புத்தகம் காட்டும் தொடக்க அமைப்பையே பின்பற்றுவது நல்லது. மூவர் அல்லது நால்வருக்கு மட்டுமே அடிப்படைப் பெட்டி போதும் என்பதும் நம் குடும்ப அளவுக்குக் குறைதான்.

எல்லாரும் ஒரே கட்சி

தோற்பவரே இல்லாமல் செய்துவிட்டால்? மாத்யூ லீக்காக் 2008-இல் வெளியிட்ட ‘பாண்டமிக்’ அத்தகையது. நான்கு கொள்ளைநோய்கள் உலக நகரங்களில் பரவுகின்றன; ஆடுவோர் அனைவரும் ஒன்றுசேர்ந்து எதிர்க்க வேண்டும். வென்றாலும் எல்லாரும், தோற்றாலும் எல்லாரும். நோய் பரவும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘பெருந்தொற்று’ச் சீட்டு வரும்போது, முன்பு தாக்கப்பட்ட நகரங்களின் சீட்டுகளைக் கலைத்து அடுக்கின் மேலேயே வைக்கிறார்கள். ஆகவே ஒருமுறை நோய் கண்ட ஊரே மீண்டும் மீண்டும் காண்கிறது. 2020-இல் இதை ஆடியவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிராது.

ஆனால் இவ்வகை விளையாட்டில் புதியதொரு நோய் புகுந்துவிடுகிறது. எல்லாச் சீட்டுகளும் எல்லாருக்கும் தெரிவதால், விவரம் தெரிந்த ஒருவர் — வீட்டில் அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை — மற்றவர்கள் காயையும் தாமே நகர்த்தத் தொடங்குவார். தம்பி இப்போது தோற்கவில்லை; ஆடவும் இல்லை. அந்துவான் பவுசாவின் ‘ஹனாபி’ (2013-இல் விருது பெற்றது) இதற்கு எளிய மருந்து கண்டது. அதில் உங்கள் சீட்டுகளை மற்றவர் பார்க்குமாறு திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் பார்க்கக் கூடாது. எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவர் இருக்கவே முடியாது. ஒரு சீட்டுக்கட்டின் அளவே உள்ள இச்சிறு பெட்டி, விலையிலும் இடத்திலும் பெரிய பெட்டிகளை வெட்கப்படச் செய்கிறது.

அலமாரியைப் பற்றி

இப்போது விளையாட்டுப் பெட்டிகளைச் சேகரிப்பதே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடக்கும் விளையாட்டுச் சந்தையில் ஆண்டுதோறும் வந்து குவியும் புதுப் பெட்டிகளைக் கண்டால் ஆசை எழுவது இயல்பே. அஞ்சல்தலை சேர்ப்பவர் அதை ஒட்டி அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பிரிக்கப்படாத விளையாட்டுப் பெட்டி பாதிப் பொருள்தான். விதிகளைக் கற்ற நான்கு பேர் மறுபாதி. புதிய பெட்டி ஒவ்வொன்றும் யாராவது ஒருவரை அரைமணி நேரம் விரிவுரையாளராக்குகிறது. வீட்டார் கற்ற பழைய விதிகள் அதற்குள் மறந்துபோகின்றன. ஒரு குடும்பத்துக்கு நன்கு தெரிந்த ஐந்தாறு விளையாட்டுகள் போதும் என்பேன்: முழுத் தற்செயல் ஒன்று, தற்செயலே இல்லாதது ஒன்று, இடைப்பட்டவை இரண்டு, ஒரே கட்சியாக ஆடுவது ஒன்று. பரமபதமும் பல்லாங்குழியும் முதல் இரு இடங்களைச் செலவின்றி நிரப்பிவிடும். வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, எத்தனை காய்கள் உள்ளன என்பதை அன்று. ஆட்டம் முடியுமுன் யாரேனும் வெளியேற வேண்டியிருக்குமா, ஒருவர் முறை முடிந்து மறுமுறை வர எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றை.

பெட்டி ஏற்கெனவே பரணில் இருந்தால்

மோனோபொலியைத் தூக்கி எறிய வேண்டாம். மாகி நினைத்த வேலைக்கு அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு விடுமுறை மாலைகள் தேவை. முதல் நாள் அச்சிட்ட விதிகளின்படியே ஆடுங்கள். ஏல விதியைக் கைவிட வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திச் சொத்துக் கணக்குப் பார்ப்பதென்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒவ்வொருவரிடமும் உள்ள ரொக்கத்தையும் மனை, வீடுகளின் வாங்கிய விலையையும் கூட்டி எழுதி வாருங்கள். யாராவது திவாலானால் அவரே கணக்கர்.

இரண்டாம் நாள் ஒரே ஒரு மாற்றம்: வாடகையில் பாதி உரியவருக்கு, பாதி பலகையின் நடுவில் வைத்த கிண்ணத்துக்கு. சுற்றின் முடிவில் கிண்ணத்தில் உள்ளதை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுங்கள். மாகியின் விதி முழுவதும் இதுவன்று. வீட்டில் ஆடத்தக்க எளிய வடிவம். அன்றும் அதே கணக்கை எழுதுங்கள்.

பிறகு இரண்டு வரைபடத் தாள்கள். கிடைக்கோட்டில் சுற்றின் எண், நிலைக்கோட்டில் சொத்து. நால்வர் ஆடினால் தாளுக்கு நான்கு கோடுகள்; எல்லாம் 1500-இல் தொடங்கும். எந்தச் சுற்றில் ஒரு கோடு மற்றவற்றை விட்டு மேலே பிரிகிறது என்பதை இரு தாள்களிலும் சிவப்பு மையால் குறியுங்கள். கடைசிக் கோடு அடிக்கோட்டைத் தொட்டிருந்தால், அந்தச் சுற்றின் எண்ணையும் அருகில் எழுதிவையுங்கள்.